அம்மன் பக்கத்துக் கால்

ஊரில் பரஞ்சோதி ஒயிலாட்ட வரிசையின் வால். புதிதாகச் சேருகிறவன் கடைசியில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவனைப் பார்த்து ஆட வேண்டும். வருடம் போகப் போக முன்னால் நகரலாம். வரிசையின் தலையில் ஆசானாக அண்ணாவி இருப்பார். ஆடுகிறவர்களுக்குச் சலங்கை கட்டுவது அவர். ஆட்டம் முடிந்ததும் அவிழ்ப்பதும் அவரே. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும் என்பது முறை.

பரஞ்சோதி நகர்வதற்குள் கப்பல் ஏறிவிட்டான். ஆட்டம் என்று அவன் அறிந்ததெல்லாம் முன்னால் நின்றவனின் பிடரி.

அவன் வந்து சேர்ந்த தோட்டம் கரங்கானுக்குப் பக்கத்தில் இருந்தது. காடு வெட்டி நட்ட ரப்பர் மரங்கள் அப்போதுதான் பால் கொடுக்கத் தொடங்கியிருந்தன. ஆட்கள் குடியிருந்த லயங்களுக்குப் பின்னால் பலகைச் சுவர் எழுப்பி, அத்தாப்பு ஓலை வேய்ந்து, அம்மனுக்கு ஒரு கோயில் கட்டினார்கள். காய்ச்சலுக்குப் பயந்து கட்டிய கோயில். முந்தின மழையில் லயத்துக்கு லயம் ஆள் போயிருந்தது.

முதல் திருவிழாவில் அம்மன் முன்னால் ஒயில் ஆட வேண்டும் என்று கங்காணி அழகேசன் விரும்பினார். தெரிந்தவன் யார் என்று கேட்டார். எல்லாரும் பரஞ்சோதியைக் காட்டினார்கள். தான் வெறும் வால் என்றும், சொல்லிக் கொடுக்கும் உரிமையை யாரும் தனக்குத் தரவில்லை என்றும் அவன் சொன்னான்.

"வாலோ தலையோ, இங்க மாடே நீ ஒருத்தன்தான்" என்றார் கங்காணி. "ஆரம்பி."

பெரட்டுக் களத்தில் ஆரம்பித்தான். விடிவதற்கு முன் ஆள் எண்ணும் இடம் அது. பாலை எடைபோட்டு முடிந்த பிற்பகல்களில் காலியாகக் கிடக்கும். ஆட வந்தவர்கள் யாரும் சொல்லாமலே பெரட்டுக்கு நிற்பது போல் வரிசையாக நின்றார்கள். பரஞ்சோதி கங்காணி நிற்கும் இடத்தில் அவர்களைப் பார்த்து நின்றான். அந்தக் களத்தில் வேறு எப்படி நிற்பது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஊரில் யாரும் அவனுக்கு வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்து ஆடு என்பதுதான் பாடம். அவனும் அதையே சொன்னான். முதல் அடவு அம்மனுக்கு வணக்கம். சேர்த்து வைத்த கால்களில் ஒன்றைப் பக்கவாட்டில் எடுத்து வைத்து, அதே பக்கத்துக் கையை உயர்த்தி, குனிந்து நிமிர வேண்டும். அவன் வைத்தான். அவர்களும் வைத்தார்கள். அவன் சாய்ந்த பக்கமே வரிசை முழுதும் சாய்ந்தது. பார்க்க நன்றாக இருந்தது. நாள்கள் போயின. பாட்டு பிடிபட்டது. மணியத்தின் தவில் பிடிபட்டது. மற்ற அடவுகளும் ஒவ்வொன்றாக ஏறின.

ஒருநாள் பாப்பம்மா தண்ணீர்க் குடத்தோடு களத்தைக் கடந்தாள். அவளும் பால் வெட்டுகிறவள். எதற்கும் அவளிடம் ஒரு சொல் இருக்கும். நின்று பார்த்தாள்.

"என்ன சோதி, எல்லாரும் இடது கால எட்டி வைக்கிறானுங்க. அம்மனுக்குப் பால் வெட்டவா போறீங்க?"

கூட வந்த பெண்கள் சிரித்தார்கள். ஆடியவர்களும் சிரித்தார்கள். பால் வெட்டுகிறவன் வலக்கையில் கத்தி பிடிப்பான். மரத்தடியில் இடது காலைத்தான் எட்டி வைப்பான். அது அவர்களுக்கு மூச்சு மாதிரி. அதனால்தான் அன்றுவரை யாருக்கும் உறுத்தவில்லை.

பரஞ்சோதி தன் காலைப் பார்த்தான். வலது. அவர்கள் கால்களைப் பார்த்தான். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இடது.

கங்காணிக்குச் செய்தி போயிற்று. அவர் வந்தார். கோபப்படவில்லை. வீட்டுக்கு வரும் மருமகளைக்கூட வலது காலை வைத்து வரச் சொல்கிறோம், அம்மன் முன்னால் இடது காலை வைப்பதா என்று கேட்டார். போகும்போது திரும்பி நின்றார்.

"இந்த மழைக்கும் காய்ச்சல் வரும். வராம இருக்காது. அப்ப எல்லாரும் யார் கால நெனப்பாங்கன்னு யோசிச்சுக்க."

பரஞ்சோதி யோசித்தான். 

மறுநாள் வலது, வலது என்று சொல்லிக் கொடுத்தான். வலது காலை வைத்தார்கள். தவில் வேகம் எடுத்ததும் கண்கள் அவன் மேல் போயின. கால்கள் இடதுக்குத் திரும்பின. அவன் வாய் ஒன்றைச் சொன்னது, உடம்பு வேறொன்றைச் சொன்னது. அவர்கள் உடம்பை நம்பினார்கள்.

முதுகைக் காட்டி ஆடிப் பார்த்தான். அது இன்னும் மோசம். அவனால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. ஓரத்தில் நின்றவர்களுக்கு அவன் சரியாகத் தெரியவில்லை. ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். பாப்பம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டே சிரித்தாள்.

விடுமுறை நாளில் ஆட்டத்துக்குக் கைத்துணி வாங்கக் கரங்கானுக்குப் போனான். கவுஸின் துணிக்கடை பாசார் என்ற சந்தையை ஒட்டி இருந்தது. கவுஸ் துணி விற்றார். அந்த ஊரின் கடைப் பலகைகளில் பாதி அவர் கையால் எழுதியவை. தமிழும், மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்தும் எழுதுவார். பலகை எழுதும்போது கடைக்கு ஆள் வந்தால் திரும்ப மாட்டார். சாயங்காலங்களில் கடையின் பின்கட்டில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்.

மஞ்சள் துணியை எடுத்துப் போட்டுவிட்டுக் கவுஸ் உள்ளே போனார். பக்கச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யாருடைய கலியாணத்துக்கோ பினாங்கிலிருந்து வந்தது. பரஞ்சோதி தன்னை முழுதாகப் பார்த்தது அதுவே முதல் தடவை. துணியை வலக்கையில் பிடித்து உயர்த்தினான். எதிரே நின்றவன் இடக்கையை உயர்த்தினான். வலது காலை எடுத்து வைத்தான். அவன் இடது காலை வைத்தான்.

திரும்பத் திரும்பச் செய்தான். கடை வாசலிலிருந்து வெயில் விழுந்தது. இரண்டு துணிகளும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் எழுந்தன. இரண்டும் ஒரே வெயிலில் மின்னின. அதைப் பார்த்தான். ஆனால் அப்போது அவன் மனத்தில் நின்றது இடது கால் மட்டும்தான்.

கண்ணாடியோடு என்ன தகராறு என்று கவுஸ் கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

 கவுஸ் அவனை எதிரே உட்காரவைத்து, கோதுமை மாவைக் கொஞ்சம் எடுத்து அவனுக்கும் தனக்கும் நடுவே மேசையில் தூவினார். ஒரு விரலால் எழுதினார். கை வழக்கத்துக்கு எதிராக ஓடியது. கீழிருந்து மேலே, வலமிருந்து இடமாக. முடிந்ததும் பரஞ்சோதி பார்த்தான். அவன் பக்கத்திலிருந்து அது நேரான அகரம். சுழியில் ஒரு நடுக்கம் இல்லை. கவுஸ் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து அது தலைகீழ்.

"எதிர்ல உக்காந்தா எழுத்து அவன் பக்கம் திரும்பணும்" என்றார் கவுஸ். "நாமதான் தலைகீழாப் பழகணும், தம்பி. அவனுக்கென்ன, அவனுக்கு நேராத்தான் தெரியும்."

தொடக்கத்தில் தன் பக்கத்திலிருந்தே எழுதிக் காட்டியதாகச் சொன்னார். அந்த வருடம் படித்த ஒருவர் இன்றும் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துத்தான் வாசிக்கிறார். குருண் ஊரில் நல்ல கடை வைத்திருக்கிறார் என்றார். அதற்குப் பிறகுதான் கையைத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் எழுத்து எங்கே தொடங்கி எங்கே மூச்சு விடுகிறது என்று தெரிந்ததாம். பலகை எழுதும் கை அன்றிலிருந்து வேறு கை என்றார்.

"பழக எவ்வளவு காலமாச்சு நானா?"

"இன்னும் ஆவுது."

பரஞ்சோதி மாவைக் கலைக்காமல் எழுந்தான்.

அதன் பிறகு நிரையில் தன் மரங்களை வெட்டி முடித்து, மங்குக் கிண்ணங்களில் பால் சேரும்வரை காத்திருக்கும் நேரத்தில், மரங்களுக்கு நடுவே தனியாக ஆடினான். எல்லா அடவையும் திருப்பி ஆடினான். இடது காலில் தொடங்கினான். உடம்பு மறுத்தது. வலது பக்கம் யோசிக்காமல் தெரிந்த ஒன்றை இடது பக்கம் கெஞ்சிக் கேட்க வேண்டியிருந்தது. திரும்புகிற இடத்தில் விழுந்தான். சருகில் உட்கார்ந்து, அந்தத் திருப்பத்தில் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தன்னைக் கேட்டான். தெரியவில்லை. அத்தனை வருடம் ஆடியும் தெரியவில்லை. எழுந்து வலது பக்கமாக மெதுவாக ஆடிப் பார்த்துக் கண்டுபிடித்தான். எடை காலில் இல்லை. இடுப்பில் இருந்தது.

ஊரில் இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அண்ணாவிக்குத் தெரிந்திருக்குமா என்று நினைத்தான். அவரும் ஒரு காலத்தில் வாலாக நின்றவர். பிடரியைப் பார்த்து வந்தவர்.

களத்தில் மறுபடியும் எதிரே நின்றான். வலது என்றோ இடது என்றோ சொல்லவில்லை. தான் இடது காலை வைத்தான்.

தவில் தொடங்கியது. முதல் தடவை குழம்பினார்கள். இரண்டாம் தடவை சிலர் வலது காலை வைத்தார்கள். தவில் வேகம் எடுத்தது. அவர்கள் கண்கள் அவன் மேலேயே இருந்தன. இந்த முறை உடம்பு அவர்களை ஏமாற்றவில்லை. பாதி வரிசை வலது பக்கம் விரிந்தது. கைகள் எழுந்தன. குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள், அந்தத் திருப்பத்துக்கு வந்தார்கள்.

திரும்பினார்கள்.

பரஞ்சோதியின் கால் நின்றுவிட்டது.

அவன் ஒயிலாட்டத்தை முன்னாலிருந்து பார்த்ததே இல்லை. உள்ளே நின்று ஆடியிருக்கிறான். ஊரார் கோயில் வாசலில் உட்கார்ந்து எதைப் பார்த்துக் கண்கலங்கினார்கள் என்று அவனுக்குத் தெரியாது. இதைத்தான். ஒவ்வொருவன் நெஞ்சும் திரும்பி வெளிச்சத்துக்கு வருகிறது. முகத்தில் பால் கறை, கழுத்தில் கொசு கடித்த தடிப்பு. ஆனால் அத்தனை பேரும் ஒரு பெரிய மூச்சை இழுத்து விடுகிறார்கள். இது தன் உடம்புக்குள் இத்தனை காலம் இருந்ததா என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

தவிலை நிறுத்தி, என்ன ஆயிற்று என்று மணியம் கேட்டான். ஒன்றுமில்லை, இன்னொரு தடவை என்றான் பரஞ்சோதி.

ஆனால் பாதி வரிசைதான் வலது காலுக்கு மாறியது. மறுபாதி எவ்வளவு முயன்றும் இடதை விடவில்லை. முதலில் படித்தது எலும்பில் ஏறியிருந்தது. திருவிழா நெருங்கியது. கங்காணி வந்து பார்த்தார். இடது கால்காரர்கள் வேண்டாம், மற்றவர்கள் ஆடட்டும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை என்று பரஞ்சோதிக்குத் தெரிந்தது.

இடது கால்காரர்களில் தர்மலிங்கம் ஒருவன். முந்தின மழையின் காய்ச்சலில் மனைவியைப் பறிகொடுத்தவன். மகள் பிழைத்தாள். அதற்காக அம்மனுக்கு ஆடுவதாக வேண்டிக்கொண்டிருந்தான். எல்லாருக்கும் முன்னால் களத்துக்கு வருவான். கடைசியாகப் போவான். கங்காணி சொன்னதைக் கேட்டுவிட்டு அவனே பரஞ்சோதியிடம் வந்தான்.

"என் காலு என் பேச்சக் கேக்கல, சோதி. நான் ஓரமா உக்காந்துக்கிறேன். உனக்கு எதுக்குப் பழி."

பரஞ்சோதி கோயில் பக்கம் நடந்தான். யார் எங்கே நிற்பது என்று பார்க்க வேண்டியிருந்தது. பெரட்டுக் களத்தைவிடக் கோயில் முற்றம் ஒடுங்கியது. நீளமானது. முற்றத்தின் கோடியில் பலகைச் சுவருக்குள் அம்மன், மஞ்சளும் குங்குமமுமாக. கங்காணி நிற்கும் இடம் என்று அங்கே ஒன்று இல்லை.

கைத்துணியை எடுத்தான். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று தெரியாமல் பக்கவாட்டில் திரும்பி நின்றான். அம்மன் வலப்பக்கம் இருந்தாள். வணக்க அடவை வைத்தான். வலது கால் போயிற்று. துணி எழுந்தது. மாலை வெயில் அதில் பட்டது.

வெயில் பட்டதும் கவுஸின் கடை வந்தது. இரண்டு துணிகள். ஒரே வாசல்.

ஓடிப்போய்த் தர்மலிங்கத்தைக் கையைப் பிடித்து இழுத்துவந்தான். முற்றத்தின் மறுபக்கம், தனக்கு எதிரே, முகத்துக்கு முகம் நிறுத்தினான். உனக்கு வருகிற காலை வை, யோசிக்காதே என்றான். வாயால் தாளம் போட்டான்.

இருவரும் வைத்தார்கள்.

"உன் காலப் பாரு. எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது பக்கம்" என்றான் தர்மலிங்கம். அவன் முகம் சுருங்கியிருந்தது.

"இன்னொரு தடவ பாரு."

தர்மலிங்கம் தன் இடது காலைப் பார்த்தான். எதிரே பரஞ்சோதியின் வலது காலைப் பார்த்தான். பிறகு இரண்டு கால்களும் எந்தப் பக்கம் போயிருந்தனவோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். அம்மன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மன் பக்கம்" என்றான்.

 காலை எடுக்காமல் அப்படியே நின்றான்.

கங்காணியை அழைத்து வந்து காட்டினார்கள். கோயிலைப் பார்த்து நிற்பவருக்கு வலப்பக்கம் வலது கால் வரிசை, இடப்பக்கம் இடது கால் வரிசை. அழகேசன் ஒரு வரிசையைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். இடையில் நடந்து போய் அம்மன் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். 

"காய்ச்சல் வந்தா?"

"வந்தா என் பேரச் சொல்லுங்க, கங்காணி. இவங்க பேரச் சொல்லாதீங்க."

கங்காணி தலையாட்டிவிட்டுப் போனார்.

திருவிழா அன்று பிற்பகல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். செர்டாங்கிலிருந்து மாட்டுவண்டி கட்டி வந்தார்கள். கவுஸ் மூலமாகப் பினாங்கிலிருந்து வந்த சலங்கைகளைப் பரஞ்சோதி அம்மன் காலடியில் பரப்பி வைத்தான். அவரவர் எடுத்து அவரவரே கட்டிக்கொள்ளும்படி சொன்னான். கட்டிவிடும் உரிமை தனக்கு இல்லை என்று மறுபடியும் சொன்னான். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குனிந்து எடுத்துக் கட்டிக்கொண்டார்கள்.

அவன் முற்றத்தின் மறுகோடியில் கைத்தாளத்தோடு நின்றான். எதிரே தொலைவில் அம்மன். இருபக்கமும் வரிசைகள். எந்த வரிசையும் அவனைப் பார்த்து நிற்கவில்லை. எதிர்வரிசையைப் பார்த்து நின்றார்கள்.

தாளம் போட்டான்.

இரண்டு வரிசைகளும் அம்மன் பக்கம் கால் வைத்தன. மஞ்சள் துணிகள் இருபுறமும் ஒன்றாக எழுந்தன. இரட்டைக் கதவு திறப்பது போல இருந்தது. ஒரு பக்கம் இருந்தது எல்லாம் மறுபக்கம் இருந்தது. ஒவ்வொருவனுக்கும் எதிரே அவனே நின்று ஆடினான். திருப்பம் வந்தது. இரண்டு வரிசை நெஞ்சுகளும் திறந்து அம்மனிடம் போய், அங்கிருந்து புரண்டு அவனை நோக்கி வந்தன. சலங்கைச் சத்தம் தரையிலிருந்து அவன் முழங்காலுக்கு ஏறியது.

அவன் இதை யாரிடமும் கற்கவில்லை. ஊரில் இப்படி ஓர் ஆட்டம் இல்லை. ஒரு வரிசை அவன் தப்பாகச் சொல்லிக் கொடுத்தது. ஒரு வரிசை அவன் சரியாகச் சொல்லிக் கொடுத்தது. இரண்டில் எது எது என்று இப்போது அவனுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டையும் ஆடத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். அவன் ஆடவில்லை. தாளத்தைத் தவறவிடாமல் நிற்பதே பெரிதாக இருந்தது.

 கூட்டத்தில் பாப்பம்மா இரண்டு கைகளையும் கூப்பியிருந்தாள். எதையாவது சொல்வாள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் சொல்லவில்லை. கவுஸ் முற்றத்துக்கு வெளியே ஒரு மரத்தடியில் நின்றார். அவர் விரல் ஒன்று தன் வேட்டியின் மேல் எதையோ எழுதுவது போல் அசைந்துகொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்தது. கற்பூரம் காட்டினார்கள். கூட்டம் பிரசாதத்துக்கு நகர்ந்தது. ஆடியவர்கள் நின்ற இடத்திலேயே இரண்டு வரிசையாக உட்கார்ந்து கால் நீட்டினார்கள். வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் சலங்கையைத் தொடவில்லை.

அவிழ்த்து வையுங்கள், அம்மன் காலடியில் சேர்க்க வேண்டும் என்றான் பரஞ்சோதி.

யாரும் அசையவில்லை. தர்மலிங்கம் இடப்பக்க வரிசையின் கடைசியில் இருந்தான். வால் நிற்கும் இடம். அவன்தான் பேசினான்.

"கட்டத்தான் எங்களுக்குத் தெரியும். அவுக்கத் தெரியாது, அண்ணாவி."

ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கால்கள் நீட்டியபடியே இருந்தன.

பரஞ்சோதி தாளத்தைக் கீழே வைத்தான்.  கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். தர்மலிங்கத்தின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். அம்மன் பக்கத்துக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு முடிச்சைத் தேடினான்.